நாலுமடி படுத்திருந்த ஐந்து வாரம்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவளை அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நாலுமடி' என்பார்கள். உருளை இஸ்திரியிலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு முனையில் பிடித்து ஓர் உதறு உதறி, நாலே மடிப்பில் ஓரம் துருத்தாமல் அடுக்கிவிடுவாள். மற்ற பெண்களுக்கு அதே விரிப்பு ஆறு மடிப்பு கேட்டது. அலமாரியில் அடுக்கினால் அவளுடைய அடுக்கு மட்டும் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

இப்போது ஓய்வு பெற்று, முழங்கால் இரண்டும் பேச்சுக் கேட்காமல், வீட்டோடு இருக்கிறாள். வாழ்க்கையிலேயே நல்ல நாள் எது என்று யாராவது வேடிக்கையாகக் கேட்டால், கல்யாண நாளைச் சொல்வதில்லை. மகள் பிறந்த நாளைக்கூடச் சொல்வதில்லை. "எட்டாம் மாசம் ரத்த அழுத்தத்தோட ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தேனே, அந்த அஞ்சு வாரம்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு பையன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டான். அந்தத் துக்கத்தில் அவள் சுருண்டு படுத்திருந்தபோது கணவனின் அக்கா வெளியூரிலிருந்து பார்க்க வந்தாள். நல்லவள்தான், ஆனால் நாக்கில் நரம்பில்லாதவள். சமையலறையில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தவள், சுவருக்கு அந்தப் பக்கம் காது இருப்பதை மறந்துவிட்டாள்.

"எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பார்த்தா வயித்துல எப்படிங்க தங்கும்? கொஞ்சமாவது யோசனை வேண்டாமா?"

நாலுமடி கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாள். அந்த வார்த்தை போகவில்லை. குளிக்கும்போது, விரிப்பை உதறும்போது, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நிற்கும்போது, 'நின்னுக்கிட்டே… நின்னுக்கிட்டே' என்று காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுபடி உண்டானதும் அவள் முதலில் செய்த காரியம், ஒரு அளவு பெரிய மேலங்கி வாங்கிக்கொண்டதுதான். சலவைக்கூடத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினக்கூலிப் பெயர்ப் பட்டியலில் இருப்பவள் அவள். பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். சொல்லித் தொலைத்து, வேலையும் போய், பிள்ளையும் தங்காமல் போனால்? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூடப் போகாமல், நாலு மாதம் மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் மாதம் கணவன் விழுந்தான். வீடுகளுக்குச் சுவர் வர்ணம் பூசுகிறவன் அவன். பதினைந்து வருஷம் ஏணியிலேயே குடியிருந்தவன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவனுக்கு ஏணியே சறுக்கியது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அடுத்த வாரமே வீட்டுக்காரர் படியேறி வந்தார். வீட்டை இடித்துக் கட்டப் போவதாகவும், மூன்று மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும், கட்டுப் போட்ட காலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார். பட்ட காலிலே படும் என்பது அந்த வீட்டில் வெறும் பழமொழியாக இல்லை. கட்டிலின் மேல் நீட்டிக்கொண்டே கிடந்தது.

அவன் வாயாடி. விழுந்த பிறகு வாயையும் சேர்த்துக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டான். சாயங்காலம் அவள் வந்தால், "வந்துட்டியா" என்பான். அதோடு சரி. எதிர்ச் சுவரில் ஈரம் ஏறிய கறையையே பார்த்துக்கொண்டிருப்பான். அவளும் அவனிடம் எதையும் சொல்வதில்லை. படுத்துக் கிடக்கிறவன் தலையில் இதையும் எதற்குத் தூக்கி வைப்பது? அவன் எதையும் கேட்பதில்லை. நிற்கிறவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? இப்படி இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இரக்கப்பட்டு இரக்கப்பட்டே ஊமையாகிப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனாரிடமிருந்து தகவல் வந்தது. பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள் அவள். கணவன் இறந்து தனியாக இருந்தவள். விடுதிக்கு நீண்ட விடுமுறை விட்டிருக்கிறார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். நாலுமடிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வந்து இறங்கினவள் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, முதலில் தம்பியின் காலைப் பார்த்தாள், பிறகு தம்பி மனைவியின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு அவள் காலில் இருந்த வேலைச் செருப்பைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது நாலுமடிக்கு.

கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு மாதம் ஒரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். அரை நாள் போய்விடுமே என்று அவள் இரண்டு தடவை போகவில்லை. அதனால் ஒரு நாள் மத்தியானம், வாராந்தர விடுமுறை நாளாகப் பார்த்து, பரிசோதனைப் பிரிவின் நர்சம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். நெஞ்சில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட சின்னக் கடிகாரம் ஒன்று அவளுக்கு உண்டு. அதனால் எல்லோருக்கும் அவள் 'கடிகாரம்'. ஐம்பதை ஒட்டிய வயது, அவசரமே இல்லாத நடை. நாற்காலியில் உட்கார்ந்து, நாலுமடியின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"நல்லா சாப்பிடுறியாம்மா?"

"சாப்பிடுறா, சாப்பிடுறா. நான்தான் போடுறேன்" என்றாள் நாத்தனார்.

"தூக்கம் எப்படி?"

"அதெல்லாம் படுத்தா தூக்கம் வந்துடும்."

"தலைவலி ஏதாவது?"

"இந்தக் காலத்துல யாருக்குங்க தலைவலி இல்ல?"

கடிகாரம் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். "மாசமா இருக்கிறது நீங்களா, இவங்களா?"

கட்டிலில் கிடந்தவன், எத்தனையோ நாளைக்குப் பிறகு, களுக்கென்று சிரித்துவிட்டான். நாத்தனார் முகம் சிவந்தது. "குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் வேணும், நல்லாக் கொதிக்கவிட்டுக் கொண்டாங்க. மெதுவா வாங்க" என்று அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, நர்சம்மா நாற்காலியை இழுத்து நாலுமடிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப நீ சொல்லு. தூங்குறியா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் இத்தனை மாதத்தில் அதை அவளிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை. இல்லை என்று தலையாட்ட நினைத்தாள். வாயிலிருந்து வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. கணவன் பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, கால் விடாமல், கையை மட்டும் நீட்டினான். எட்டவில்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காலி செய்ய வேண்டிய வீடு, பெயர்ப் பட்டியல், முதல் பிள்ளை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நான் நின்னு நின்னுதான் அவன் போயிட்டானா நர்சம்மா?" என்று கேட்டாள்.

நர்சம்மா பட்டையைக் கழற்றி மடித்தாள்.

"அப்படி யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. டாக்டராலகூட. சில நேரம் காரணமே தெரியாமப் போயிடும். ஆனா ஒண்ணு சொல்றேன். தூக்கமில்ல, ஓய்வில்ல, நாளைக்கு எங்க குடியிருப்போம்னு தெரியல, மனசுல இருக்கிறதைச் சொல்ல ஆளில்ல. இத்தனையும் சேர்ந்தா உடம்பு தாங்காது. உடம்புக்கும் மனசுக்கும் நடுவுல கதவு கிடையாது. கவலைப்படாதேன்னு உன்கிட்ட நான் சொல்லப் போறதில்ல. சொன்னா நிக்கிற சாமானா அது? கவலை எங்கிருந்து வருதோ அங்க ஏதாவது செய்ய முடியுமான்னு பார்ப்போம்."

பிறகு எழுந்துகொண்டே, "அழுத்தம் கூடியிருக்கு. நாளைக்குக் காலையில பரிசோதனைக்கு வந்தே ஆகணும். வேலைக்கு அப்புறம் இல்ல, வேலைக்கு முன்னாடி" என்றாள். வெந்நீர் வந்தது. நின்றபடி முழுசாகக் குடித்துவிட்டு, நாத்தனாரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் நாலுமடி பரிசோதனைக்குப் போகவில்லை. போகத்தான் கிளம்பினாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கால் பழக்கப்படி கீழ்த்தளத்துப் படியில் இறங்கிவிட்டது. முதல் நூறு விரிப்பை மடித்துக் கொடுத்துவிட்டு மேலே போகலாம் என்று நினைத்தாள். அறுபதோ எழுபதோ தாண்டும்போது விரிப்பின் வெள்ளையில் மின்மினி மாதிரிப் பொட்டுப் பொட்டாக ஒளி தெரிந்தது. பின்மண்டையில் யாரோ உட்கார்ந்துகொண்ட மாதிரிப் பாரம். கையிலிருந்த விரிப்பு ஆறாம் மடிப்புக்குப் போயிற்று.

அதைப் பார்த்துவிட்டாள் மேற்பார்வை பார்க்கும் அம்மாள். கோபம் வந்தால் உஸ்ஸென்று சீறுவதால் 'நீராவி' என்று பெயர் வாங்கியவள். கிட்டே வந்து நாலுமடியின் முகத்தைப் பார்த்தாள், வீங்கியிருந்த விரல்களைப் பார்த்தாள், பெரிய மேலங்கியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"எட்டு ஆரம்பம்."

"எட்டு மாசத்தை என் கண்ணுல மறைச்சியாடி நீ? நான் என்ன குருடா?" என்று சீறியவள், அடுத்த நொடி துவைத்த துணி ஏற்றும் தள்ளுவண்டியை இழுத்து, இருந்த துணியை எல்லாம் தரையில் கொட்டி, "ஏறு" என்றாள்.

"நடந்தே போறேன்மா…"

"ஏறுன்னேன்."

அப்படித்தான் நாலுமடி, ஒரு மூட்டைத் துணி மாதிரி, வண்டியில் உட்கார்ந்து, லிஃப்ட்டில் ஏறி, மூன்றாம் மாடிப் பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். லிஃப்ட்டுக்குள் நின்ற ஒரு டாக்டர், "துணி அடுத்த லிஃப்ட்டுல வரட்டும்" என்று சொல்ல, "இது துணி இல்ல சார், துணி மடிக்கிற ஆளு" என்று நீராவி போட்ட சத்தத்தில் அவர் லிஃப்ட்டை விட்டே இறங்கிவிட்டார்.

மேலே சோதித்தார்கள். மருந்து கொடுத்தார்கள். அழுத்தம் அபாயமான அளவுக்குப் போயிருந்ததால், பிரசவம் ஆகும் வரைக்கும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஒரு வாரமா, ஆறு வாரமா, சொல்ல முடியாது. வேலை? அதைப் பற்றிப் பேசவே கூடாது.

நாலுமடிக்கு அதைத் தவிர வேறு எதையும் பேச வாய் வரவில்லை. பார்க்க வந்த நீராவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேரை அடிச்சுடுவாங்களாம்மா?"

"பத்து நாள்ல அடிச்சுடுவாங்க. அது என் கையில இல்ல. ஆனா பதிலாள்னு ஒண்ணு இருக்கு. குடும்பத்துல யாராவது உன் இடத்துல வந்து நின்னா பேரு நிக்கும். யாரு இருக்கா உனக்கு?"

யாரு இருக்கா? கட்டுப் போட்ட கால் ஒன்று இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலின் மறுபக்கம், சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு, நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். 

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சலவைக்கூடம் திறந்தபோது, வாசலில் முதல் ஆளாக நாத்தனார் நின்றாள். தம்பி மனைவியின் மேலங்கியை மாட்டியிருந்தாள், கைநீளம் போதவில்லை. "எங்க நிக்கணும்னு சொல்லுங்க" என்று நீராவியிடம் கேட்டாளாம்.

நாலுமடிக்கு இந்தச் செய்தி வந்த விதம்தான் வேடிக்கை. பிரசவ வார்டின் துணிகளுக்குப் பச்சைக் கோடு போட்ட ஓரம். தினமும் காலை பத்து மணிக்குப் பச்சைக்கோட்டு விரிப்புகள் கீழேயிருந்து வண்டியில் வரும். அன்றைக்கு அவள் தலையணை உறையை மாற்றியபோது உள்ளேயிருந்து ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. சலவைக்கூடத்துச் சிநேகிதிகளின் கோழிக் கிறுக்கல்: 'உன் அண்ணி இன்னிக்கு வந்துட்டாங்க. இதுவரைக்கும் நாலு விரிப்புக் கருகிடுச்சு.'

அதிலிருந்து தினமும் ஒரு காகிதம் வந்தது. 'இன்னிக்கு ரெண்டுதான் கருகிச்சு. விரலும் கொஞ்சம்.' 'உன் அண்ணி எட்டு மடி மடிக்கிறாங்க. விரிப்பா புத்தகமான்னு தெரியல.' 'நீராவி சத்தம் போட்டாங்க. உன் அண்ணி திருப்பிப் போட்டாங்க. நாங்க எல்லாரும் மெஷினை நிறுத்திட்டு வேடிக்கை பார்த்தோம்.' அந்த வார்டில் ஆறு பெண்கள் படுத்திருந்தார்கள், ஆறு பேருக்கும் அழுத்தமோ நீரோ ஏதோ ஒரு தொல்லை. பத்து மணி ஆனால் ஆறு பேரும் தலையைத் தூக்கி, "இன்னிக்கு என்ன சேதி?" என்பார்கள். நாலுமடி உரக்கப் படிப்பாள். ஐந்தாவது பிள்ளைக்காக வந்திருந்த ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "போதும்டி, இங்கயே பெத்துடுவேன்" என்பாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பகலில் படுத்திருந்தாள். முதல் மூன்று நாள் அது குற்றம் மாதிரி இருந்தது. யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் மத்தியானம் தூங்கினாள். அவள் பிறகு சொல்வாள், அது தூக்கம் இல்லையாம், கிணற்றில் கல் விழுந்த மாதிரி விழுந்தாளாம். கண் விழித்தபோது வார்டுக்கும் வந்து போகும் நர்சம்மா கடிகாரம் பக்கத்தில் நின்று நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு மணி நேரம்" என்றாள், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

நாத்தனார் தினமும் சாயங்காலம் பார்வை நேரத்துக்கு வருவாள். சாப்பாட்டைப் பிரிப்பாள், கூந்தலைப் பின்னிவிடுவாள், பேசாமல் போய்விடுவாள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வந்தவள் முக்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் தூக்கிக் கட்டிலின் சட்டத்தில் வைத்தாள். கணுக்கால் எது, கால் எது என்று தெரியாமல் வீங்கிப் போயிருந்தது. விரல்களில் நாலு இடத்தில் சூட்டுக் கொப்புளம்.

"என் காலைப் பாரு."

நாலுமடி பார்த்தாள்.

"எனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. எனக்கே இப்படி இருக்கு. எப்படிடீ நின்ன நீ?"

அன்றுதான் நாத்தனார் அவளை முதல் முறையாக 'டீ' போட்டுக் கூப்பிட்டாள். 

"பழகிடுச்சு அண்ணி."

நாத்தனார் காலைக் கீழே இறக்கிக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கு… உன் பையன் போனப்ப… சமையலறையில நான் ஒண்ணு சொன்னேன். உன் காதுல விழுந்துதா?" என்று கேட்டாள்.

"விழுந்துது."

"விழுந்துமா ஒரு வார்த்தை பேசாம இருந்த?"

"என்னத்தைப் பேச? நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

நாத்தனார் தன் மேலங்கியின் நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. அழுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. "என் வாயைத் தைக்கணும்" என்றாள். "உன்னைச் சொன்னேன் பாரு, அது தப்பு. உன்னை நிக்க வச்சவங்களைச் சொல்லியிருக்கணும்."

சொன்னதோடு விடுகிற ஆளா அவள்? மறுநாள் காகிதம் இப்படி வந்தது: 'உன் அண்ணி நீராவிகிட்டப் போய் மடிக்கிற இடத்துல முக்காலி போடுங்கன்னு கேட்டாங்க. உக்காந்துக்கிட்டு மடிக்கிறதுக்கு இதென்ன வீட்டுத் திண்ணையான்னு நீராவி கேட்டாங்க. அப்ப நீங்க ஒரு நாள் நின்னு பாருங்கன்னு சொல்லிட்டாங்க.' நீராவி உண்மையாகவே நின்று பார்த்தாளாம். மத்தியானம் வரைக்கும்தான். மூன்றாம் நாள் கிடங்கிலிருந்து இரண்டு உயரமான முக்காலிகள் வந்தன. முறை போட்டு உட்கார்ந்தார்கள்.

வீட்டுப் பிரச்சினையும் அங்கேதான் தீர்ந்தது. துவைக்கும் பகுதியில் இருந்த ஒருத்தியின் தெருவில், தரைத்தளத்தில் இரண்டு அறை காலியாக இருந்தது. நாத்தனார் தம்பிக்கு ஒரு ஊன்றுகோலைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவனுக்குச் சுவரைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. "இந்த வர்ணத்துலயா என் பிள்ளை கண் முழிக்கணும்?" என்றானாம். ஏணி ஏற முடியாதே! அதனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கை எட்டிய மட்டும், நாலு சுவருக்கும் இளமஞ்சள் பூசினான். மேலே பழைய சாம்பல், கீழே புது மஞ்சள். ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏறி வந்து மனைவியிடம் சொன்னான்.

"பாதி வீடு ரெடி."

"லிஃப்ட்டு இருக்கே, ஏங்க படியில வந்தீங்க?"

"யாருக்குத் தெரியும்? நான் என்ன துணியா லிஃப்ட்டுல வர?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "நான் பயந்து போயிருந்தேன். அதான் பேசல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐந்தாவது வாரக் கடைசியில், ஒரு காலையில், அழுத்தம் மறுபடி ஏறியது. மருந்துக்கு அடங்கவில்லை. டாக்டரம்மா இனிக் காத்திருக்க வேண்டாம் என்றாள். முப்பத்தைந்து வாரம் நிறைந்திருந்தது. "முன்னாடி பிறந்ததைவிட இது எவ்வளவோ மேல். நீ படுத்துக் கொடுத்த வாரம் எல்லாம் பிள்ளைக்குத்தான் போயிருக்கு" என்று காதோரம் சொன்னாள் நர்சம்மா. நாலுமடிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் தனியாகப் பயப்படவில்லை.

மத்தியானம் பெண் பிறந்தாள். இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. பிறந்ததும் ஒரு கணம் சத்தமில்லை. அந்தக் கணத்தில் நாலுமடிக்கு இரண்டு வருஷமும் திரும்பி வந்தது. பிறகு கீச்சென்று ஒரு குரல், கதவுக் கீல் முனகின மாதிரி. அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். பச்சைக்கோட்டுத் துண்டில் சுற்றி ஒரு தடவை காட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

பன்னிரண்டு நாள் அந்தப் பெட்டியில் இருந்தாள். வேலை முடிந்ததும் நாத்தனார் நேராக அங்கேதான் போவாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "என்னடி முயலே, தின்னியா? தூங்கினியா?" என்று கேட்பாள். பதிலை யாரும் நடுவில் புகுந்து சொல்லவில்லை என்று நர்சம்மா கிண்டல் செய்தாள். பதின்மூன்றாம் நாள் முயல் வீட்டுக்கு வந்து, பாதி மஞ்சள் சுவருக்கு நடுவில் படுத்துத் தூங்கினாள்.

நாலுமடி ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். நாத்தனார் விடுதிக்குத் திரும்பவில்லை. நீராவி அவளையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள். அதற்குள் அவள் ஐந்து மடிக்கு வந்திருந்தாள். பதினொரு வருஷம் இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கம் நின்றும் உட்கார்ந்தும் வேலை பார்த்தார்கள். ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை போட்டார்கள், சாதாரணச் சண்டை இல்லை, பாத்திரம் பேசுகிற சண்டை. மாமியார் இல்லாத குறையை நாத்தனார் வட்டியோடு தீர்த்துவிட்டாள் என்று நாலுமடியே சொல்வாள். ஆனால் முயலுக்குக் காய்ச்சல் வந்தாலோ, பள்ளியில் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டாலோ, இரண்டு பேரும் சேர்ந்துதான் படியேறிப் போவார்கள். எதிரில் நிற்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

முயல் இப்போது ரயில் பாதையில் சிக்னல் பழுது பார்க்கிறாள். அப்பாவைப் போல ஏணி ஏறுகிறாள், அத்தையைப் போலப் பேசுகிறாள். நீராவி மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். நர்சம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. நாத்தனார் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் இல்லாத வீட்டில், யாரும் குறுக்கே பேசாததால், நாலுமடி சொல்கிற எந்தக் கதையும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

அந்த ஐந்து வாரத்தில் அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வது பெரிய விஷயம் எதையும் அல்ல. நாலாவது வாரத்தில் ஒரு மத்தியானம். வெளியே கொட்டுகிற மழை. கீழே மின்சாரம் நின்றுபோய் இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். வார்டில் ஆறு பெண்களும் டாக்டரம்மா சொன்னபடி இடது பக்கமாகத் திரும்பி, ஒரே வரிசையாக, ஜன்னல் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார்கள். ஐந்து பேர் தூக்கம். நாலுமடி மட்டும் விழித்திருந்தாள். உள்ளே பிள்ளை புரண்டுகொண்டிருந்தது. கதவு திறந்தது. வேலை இல்லாததால் சீக்கிரமே மேலே வந்த நாத்தனார், சலவைக்கூடத்து வாசனையோடு, வியர்வையில் நனைந்த தலையோடு, முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் எல்லோரும் தூங்குவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலின் ஓரத்தில் தலையைச் சாய்த்து அவளும் தூங்கிப் போனாள்.

பார்வை நேரம் அது இல்லை. ரோந்து வந்த நர்சம்மா வாசலில் நின்று பார்த்தாள். நாலுமடி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். நர்சம்மா தலையாட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். மழை விட்டதும் நாத்தனார் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கன்னத்தில் விரிப்பின் மடிப்பு கோடாகப் பதிந்திருந்தது.

"மணி என்னடி ஆச்சு? எழுப்பக்கூடாதா?"

"எழுப்பணும்னுதான் நினைச்சேன் அண்ணி. மனசு வரல."